ஐந்து நிமிடத் தண்டனை

முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் ஃபிக்ஹும் அரபு இலக்கணமும் ஓதிக்கொடுத்துவரும் நம்மிடம் மக்கள் எத்தனையோ வினாக்களைக் கொண்டுவருவதுண்டு. வாரிசுப் பங்கீடு, தலாக், நோன்பின் ஃபித்யா, அடகு நகை என்று அவை பெரும்பாலும் நாம் பயின்ற கிதாபுகளின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். 2025 ஜனவரியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்து வாழும் நம் தங்கையின் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவள் நம் முன் வைத்த வினாவோ எந்தப் பாடத்திலும் வராதது.

"காக்கா, இவன் ஐஸ் ஹாக்கி விளையாடுவது கூடுமா, கூடாதா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான், அவன் வாப்பா சொல்லவேமாட்டார்" என்றாள்.

'இவன்' என்றது அவளுடைய மகனை. பதினேழு வயது. அந்த மண்ணிலேயே பிறந்தவன். குர்ஆனை முழுதாக ஓதி முடித்தவன். தாயின் கீழக்கரைத் தமிழை ஆங்கில நாவால் பேசுகின்றவன். ஐந்து வயதில் கத்தி பொருத்திய காலணியைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டித் தரையில் இறங்கியவன் இன்னும் ஏறவில்லை. பள்ளி அணியில் தடுப்பாட்டக்காரனாக ஆடும் அவனுக்கு வேறொரு மாநிலத்து ஜூனியர் அணியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அந்நாட்டுக் கல்லூரிகளின் முதல்தர ஹாக்கி அணிகளில் சேருகின்றவர்களுள் பலர் பள்ளி முடித்ததும் நேரே வருபவரல்லர். ஓரிரு ஆண்டுகள் ஜூனியர் அணியில் ஆடித் தேர்ந்து, பத்தொன்பது இருபது வயதில் கல்லூரிப் படியேறுகின்றவர்கள். அதுவரை முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி உண்ண வேண்டும்.

படிப்பு பின்தங்குமே என்றாள் தங்கை. ஹலாலான உணவுக்கும் தொழுகைக்கும் அங்கே யார் பொறுப்பு என்றாள். இவை இரண்டும் மெய்யான கவலைகளே. ஆயினும் அவள் உறக்கத்தைக் கெடுத்தது மூன்றாவது ஒன்று. அந்த அச்சத்துக்கு ஒரு பெயரும் இருந்தது: டிராவிஸ் ராய்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹாக்கி அணியில் புதிதாகச் சேர்ந்த இருபது வயது இளைஞர் அவர். 1995 அக்டோபர் 20 அன்று, முந்தைய பருவத்தில் வென்ற தேசியப் பட்டத்தின் கொடியை அரங்கில் உயர்த்திய அதே இரவில், கல்லூரி வாழ்வின் முதல் ஆட்டத்துக்காகத் தரையில் இறங்கினார். இறங்கிய பதினோராம் நொடியில் எதிரணி வீரர் ஒருவரை மோதித் தடுக்கப் பாய்ந்து, நிலைதவறி, சுற்றுப்பலகையில் தலைகுப்புற மோதினார். கழுத்தின் நான்காம் எலும்பு நொறுங்கிற்று. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப்போயிற்று. தரைக்கு இறங்கி வந்த தந்தையிடம், கைகால்களில் உணர்வில்லை என்று சொன்ன கையோடு, தாம் விரும்பிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதையும் சொன்னாராம். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். தண்டுவடம் முறிந்தோருக்கு உதவ ஓர் அறக்கட்டளையை நிறுவி ஊர் ஊராகச் சென்று பேசினார். 2020 அக்டோபரில், நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். அன்று எவரும் அவருக்குத் தீங்கிழைக்கவில்லை. ஆட்டவிதி எதுவும் மீறப்படவில்லை. தங்கைக்கு அதுவே பேரச்சமாக இருந்தது. பகைவன் ஒருவன் இருந்தால் மகனை எச்சரிக்கலாம். பலகையை எதிர்த்து எப்படி எச்சரிப்பது?

உண்மையை ஒப்புக்கொள்கிறோம். 'கூடாது' என்ற சொல் நம் நாவின் நுனியில் இருந்தது. உயிரையும் உடலையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதை வைத்து ஒரு சிறு விரிவுரையையே மனத்துள் அடுக்கி வைத்திருந்தோம். அதைத் தொடங்கு முன் மருமகன் குறுக்கிட்டான்.

"மாமா, நீங்கள் ஓர் ஆட்டமாவது பார்த்திருக்கிறீர்களா?"

நாம் வாயடைத்துப்போனோம். ஒன்றைப் பற்றிய தீர்ப்பு அதனை உள்ளபடி அறிந்த பின்னரே என்பதை ஆண்டுதோறும் புதிய மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அல்லவா நாம்!

அவ்வாரத்து வெள்ளிக்கிழமை, மஃரிபும் இஷாவும் தொழுதுவிட்டு, அவனுடன் ஒரு பல்கலைக்கழக அரங்கத்துக்குச் சென்றோம். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே, பனிக்கட்டியையே தரையாக்கிய பெருங்கூடம். மாணவர்களின் வாத்தியக் குழு ஒரு மூலையில் முழங்கிக்கொண்டிருந்தது. நம் தொப்பியையும் தாடியையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எல்லோர் கண்களும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்தன.

ஹாக்கி என்றதும் புல்தரையையும் வெள்ளைப் பந்தையும் நினைக்கும் நம் வாசகர்க்காகச் சிறிது சொல்லியாக வேண்டும். இதன் ஆடுதரை இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் உள்ளது, மூலைகள் வளைந்தவை. சுற்றிலும் மார்பளவுப் பலகை, அதற்கு மேல் தடித்த கண்ணாடி. கோல்காப்பாளரையும் சேர்த்து அணிக்கு அறுவர். பந்துக்கு மாறாக ஆறு அவுன்ஸ் எடையுள்ள 'பக்' என்னும் ரப்பர் வட்டு. துள்ளாதிருக்க அதனை முன்கூட்டியே உறையவைக்கின்றனர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆனால் எவரும் தொடர்ந்து ஆடுவதில்லை. முக்கால் நிமிடம் மூச்சிரைக்கப் பாய்ந்துவிட்டு வெளியேறுகின்றனர், வேறு ஐவர் உள்ளே குதிக்கின்றனர். பக் வைத்திருப்பவனைத் தோளாலோ இடுப்பாலோ மோதி அதிலிருந்து பிரிப்பது குற்றமன்று. அதனைச் 'செக்' என்கின்றனர். அது ஆட்டத்தின் ஒரு வித்தை. பெண்களின் கல்லூரி ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. சிறுவர்களின் ஆட்டத்திலும் பன்னிரண்டு வயது வரையிலான பிரிவுகளில் 2011 முதல் அதனைத் தடுத்துவிட்டனர். ஆடவர் கல்லூரி ஆட்டத்திலோ அது இல்லாமல் ஆட்டமே இல்லை.

இந்த முரட்டுத்தனம் இடையில் வந்து சேர்ந்ததும் அன்று. கூரைக்கடியில் விதிமுறையோடு ஆடப்பட்ட முதல் ஆட்டம் என்று கருதப்படுவது 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்தது. அதன் முடிவிலேயே கைகலப்பு நேர்ந்ததென்று அக்காலத்துச் செய்தித்தாள் எழுதிற்று. பிறந்த அன்றே அடிதடி!

ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில், நாம் அமர்ந்திருந்த இடத்துக்கு நேரெதிரே ஒருவன் மற்றொருவனைப் பலகையோடு வைத்து மோதினான். கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஓசை நம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. "யா அல்லாஹ்!" என்று எழுந்துவிட்டோம். மருமகன் நம் கையைப் பற்றி அமர்த்தி, "நல்ல செக், மாமா" என்றான். நல்லது என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருளுண்டு போலும்! மோதுண்டவனோ அதற்குள் எழுந்து அரங்கின் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தான்.

சிறிது சிறிதாக நம் கண் பழகிற்று. அந்த அணியில் ஒல்லியான ஒரு பிள்ளை இருந்தான். எதிரணியார் பக்கை ஓங்கி அடிக்க மட்டையை உயர்த்தும்போதெல்லாம் அதன் பாதையில் போய் விழுவான். ஒருமுறை அது கணுக்காலில் பட்டது. மாற்றாள் இறங்க வழியில்லாதபடி ஆட்டம் அவர்களுடைய கோலருகேயே சுழன்றுகொண்டிருந்தது. ஒற்றைக் காலில் சறுக்கியபடியே அரை நிமிடம் தன் இடத்தைக் காத்து நின்று, பக் வெளியேறிய பின்னரே நொண்டிக்கொண்டு இருக்கைக்குச் சென்றான்.

"அவன்தான் இந்த அணியிலேயே டஃப்" என்றான் மருமகன்.

"முன்பு மோதினானே, அந்தப் பெரியவன் இல்லையா?"

"அவன் பெரியவன், மாமா. அவ்வளவுதான்."

அரபு அறநூலார் 'ஷஜாஅத்' என்னும் வீரத்தை இரண்டு குறைகளுக்கு நடுவே வைப்பர். ஒருபுறம் 'ஜுப்ன்' என்னும் கோழைமை. மறுபுறம் 'தஹவ்வுர்' என்னும் கண்மூடிப் பாய்ச்சல். இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் இப்பகுப்பை விரிவாகக் காணலாம். நாமும் பல்லாண்டுகளாக இதனை விளக்கிவருகிறோம். எடுத்துக்காட்டுக்குப் போர்க்களத்தையே நாடுவோம். அஞ்சவேண்டிய இடத்தை அறிந்தே, அதற்குள் தானாகச் சென்று, வேலை முடிந்ததும் ஆரவாரமின்றி விலகிய ஒருவனைக் கண்ணெதிரே கண்டது அன்றுதான். தமிழில் தறுகண் என்றொரு சொல் உண்டு. அதனைக் கொடுமையின் பெயராக எண்ணுவோர் பலர். அஞ்சாமை என்னும் அதன் பொருள் அந்த ஒல்லிப் பிள்ளைக்குப் பொருந்திற்று.

இரண்டாம் பகுதியில்தான் நாம் அஞ்சியது நடந்தது. மூலையில் குனிந்து பக்கைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவனின் முதுகில் எதிரணிக்காரன் ஓடிவந்து மோதினான். அவன் பலகையில் முகம் பட விழுந்தான். அரங்கம் அடங்கிப்போயிற்று. விழுந்தவனின் தோழன் ஒருவன் பாய்ந்து சென்று, மோதியவனின் சட்டைக் கழுத்தை முறுக்கிப் பிடித்தான். வலது கை ஓங்கிற்று. ஓங்கிய கை அப்படியே நின்றது. பின்பு தாழ்ந்தது.

அந்தக் கை ஏன் தாழ்ந்தது? கல்லூரி ஆட்டத்தில் கைகலப்பில் இறங்கியவனை அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதோடு அடுத்த ஆட்டத்துக்கும் தடைசெய்கின்றனர். மீண்டும் மீண்டும் செய்தால் தடைபெறும் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். பணத்துக்காக ஆடும் தேசிய ஹாக்கி லீகிலோ அதே குற்றத்துக்கு ஐந்து நிமிடம் ஒரு பெட்டிக்குள் அமர்ந்துவிட்டு வரலாம்.

"அப்படியானால் அவன் பொறுமையால் நிறுத்தவில்லை, தண்டனைக்கு அஞ்சி நிறுத்தினான்" என்றோம்.

மருமகன் சற்று யோசித்தான். "தெரியவில்லை, மாமா. ஆனால் இப்போது ஐந்து நிமிடம் அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. கோல் விழுந்தாலும் அந்த ஐந்து நிமிடம் முடியாது. இரண்டு கோல் அடித்தால் அதுதான் அடி."

அடித்தது ஒன்றுதான்.

நடுவர்கள் அந்த மோதலை மீண்டும் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன முறையில் நம் மனம் ஈடுபட்டுப்போயிற்று. நாம் ஓதிக்கொடுக்கும் ஃபிக்ஹில் காயங்களைப் பற்றிய ஒரு பெரும்பகுதி உண்டு. வேண்டுமென்றே செய்தது, வேண்டுமென்றது போன்றது, தவறுதலாக நேர்ந்தது என மூன்றாக அதனைப் பகுப்பர்: அம்து, ஷிப்ஹு அம்து, கதஉ. எண்ணம் நெஞ்சுக்குள் இருப்பது. ஆகவே பயன்படுத்திய கருவியையும் அடித்த இடத்தையும் கொண்டே அதனை அளக்கவேண்டும் என்பர். இங்கும் அப்படியே. முழங்கை எங்கே இருந்தது, தலையில் பட்டதா, எதிரி முதுகைக் காட்டியபின் எத்தனை அடி தூரம் இருந்தது என்று பார்த்து, இரண்டு நிமிடமா, ஐந்து நிமிடமா, வெளியேற்றமா என்று முடிவு செய்கின்றனர். அன்று ஐந்து நிமிடமும் வெளியேற்றமும் கிடைத்தன. விழுந்தவன் தோழர் தோளில் சாய்ந்து எழுந்து போனான்.

இந்த முதுகு மோதல் எவ்வளவு கொடியது என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் டொரான்டோ நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் டேட்டர். தண்டுவடம் முறிந்து வந்த ஹாக்கி ஆட்டக்காரர்களை 1980-களில் கணக்கெடுத்து ஆராய்ந்தபோது, பின்னாலிருந்து தள்ளப்பட்டுப் பலகையில் மோதியதே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. அதன் பின்னரே விதிகள் கடுமையாயின. ஹெல்மெட்டும் முகக் கம்பிவலையும் பரவிய காலமும் ஏறத்தாழ அதுவே. பல்லையும் கண்ணையும் அவை காத்தன என்பதில் ஐயமில்லை; ஆனால் தனக்கும் எதிரிக்கும் ஒன்றும் ஆகாது என்ற துணிச்சலையும் அவை ஊட்டின என்று வாதிடுவோர் அங்கே உண்டு. ஹெல்மெட்டே இல்லாத நாள்கள் நல்ல நாள்களும் அல்ல. டென்வர் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராயிருந்து பின் தேசிய லீகில் சேர்ந்த பில் மாஸ்டர்டன், 1968 ஜனவரியில் வெறுந்தலையோடு பனித்தரையில் விழுந்து இரண்டாம் நாள் இறந்தார்.

ஆட்டம் முடிந்து, கைகொடுக்கும் வரிசையும் கலைந்த பின், வாகனத்துக்கு நடக்கையில் மருமகன் இருவரைப் பற்றிச் சொன்னான். இருவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். ஒருவர் ஹோபி பேக்கர். முதல் உலகப் போருக்கு முன் ஆடியவர். எதிரணியார் அவரைக் குறிவைத்து அடித்தனர். அவரோ தம் கல்லூரிக் காலத்தில் ஓரிரு முறைக்கு மேல் தண்டனை பெற்றவரல்லர். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் அறைக்கே சென்று கைகொடுப்பது அவர் வழக்கம். 1918 டிசம்பரில் ஃபிரான்ஸில் விமானம் விழுந்து மாண்டார். கல்லூரி ஹாக்கியில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1981 முதல் அவர் பெயரால்தான் பரிசளிக்கின்றனர். மற்றவர் ஜார்ஜ் பாரோஸ். அங்கே பொருளியல் பட்டம் பெற்றவர். சண்டையிட்டால் வெளியேற்றும் கல்லூரியில் ஆடியவர், தேசிய லீகில் சண்டைக்காகவே அணியில் வைக்கப்பட்டார். 474 ஆட்டங்களில் அவர் அடித்த கோல் 18. பெட்டியில் அமர்ந்த நேரமோ ஆயிரம் நிமிடத்துக்கு மேல். 2013-இல் ஒரு சண்டையில் பனித்தரையில் முகம் மோத விழுந்து தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டார். 2017 முதல் அந்த லீகில் ஆட்டக்காரர்களின் பாதுகாப்புத் துறைக்குத் தலைவரானார்.

வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரித்தோம். மருமகன் சிரிக்கவில்லை. வாகனத்தில் ஏறி அமர்ந்தும் இயந்திரத்தை முடுக்கவில்லை. கண்ணாடியில் பனி படிந்துகொண்டிருந்தது.

"மாமா, முதுகில் மோதினானே ஒருவன், அதை நானும் செய்திருக்கிறேன்."

சென்ற ஆண்டு, வேறோர் ஊர்ப் பள்ளியோடு நடந்த ஆட்டம். கையிலிருந்த பக்கை இழந்த எரிச்சலில், பறித்தவனைத் துரத்தியிருக்கிறான். மூலையில் அவன் திரும்பி நின்றான். "அவன் முதுகில் எண் தெளிவாகத் தெரிந்தது. நிறுத்த நேரம் இருந்தது, மாமா" என்று அதையே இருமுறை சொன்னான். அந்தப் பையனின் காறை எலும்பு முறிந்தது. இவனுக்கு ஐந்து நிமிடமும் வெளியேற்றமும். வாப்பாவுக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியாது.

தாயின் அச்சமெல்லாம் தன் மகனை யாரோ மோதிவிடுவார்கள் என்பது. நாம் ஆயத்தம் செய்துவைத்த விரிவுரையும் அதைப் பற்றியதே. மோதுகிறவனும் ஒரு தாயின் மகன்தானே என்ற எண்ணம் அதுவரை நமக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

"அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்தாயா?"

"இல்லை. தண்டனை முடிந்துவிட்டதே என்று நினைத்தேன்."

நடுவர் விதித்த தண்டனை ஆட்டத்தின் கணக்கைத் தீர்த்தது. ஹக்குல் இபாத் என்னும் அடியார் உரிமை வேறு. அதற்கு உரியவன் விட்டுக்கொடுத்தாலன்றி அது தீர்வதில்லை. இதனை நாம் நீட்டிச் சொல்லவில்லை. சிறுவயதில் மக்தபில் அவன் படித்ததுதான், தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் தன் தாயிடம் அவனே சொன்னான். நாம் அடுத்த அறையில் இருந்தோம். அழுகுரல் கேட்கும் என்று எதிர்பார்த்தோம். "அந்தப் பிள்ளையின் உம்மா அப்போது அங்கே இருந்தாளா?" என்று மட்டும் தங்கை கேட்டது காதில் விழுந்தது. மாலையில் நம்மிடம் வந்து, பழைய வினாவையே மீண்டும் கேட்டாள். கூடாது என்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை என்றோம். கூடும் என்று சொல்ல நா எழவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கோபித்துக்கொண்டாள். "முப்பது வருடம் ஓதிக்கொடுத்து இதுதானா, காக்கா?" என்றாள். ஆனாலும் இரவு, நாம் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த தொதலில் பாதியை எடுத்து ஒரு தகரப் பெட்டியில் அடைத்து வைத்தாள்.

ஞாயிறு காலை நாற்பது நிமிடப் பயணம். முகவரியைத் தன் பயிற்சியாளர் மூலம் கேட்டு, வரலாம் என்ற பதிலையும் பெற்றிருந்தான். பனியை வாரி இருபுறமும் குவித்திருந்த ஒரு சிறு தெரு. நாம் வாகனத்திலேயே இருந்துகொண்டோம். தகரப் பெட்டியை இரு கைகளாலும் பிடித்தபடி அவன் படியேறினான். கதவு திறந்தது. இவனைவிடச் சற்றுக் குள்ளமான, சிவந்த தலைமயிர்ப் பையன் ஒருவன் நின்றான். இருவரும் ஏதும் பேசியதாகத் தெரியவில்லை. பிறகு அவனுக்குப் பின்னால் ஒரு பெண்மணி வந்து, பனிக்காற்று உள்ளே புகுகிறதே என்பது போல் கையசைத்து இவனை அழைத்துக்கொண்டாள்.

இருபது நிமிடம் கழித்து வந்தான். கையில் பெட்டி இல்லை.

"என்ன சொன்னான்?"

"தோள் சரியாகிவிட்டதாம். அடுத்த மாதம் எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றான்."

"அவன் தாய்?"

அதற்கு அவன் மறுமொழி சொல்லவில்லை. வெகுதூரம் வந்தபின், "ஜூனியர் அணிக்கு நான் என்ன பதில் எழுதட்டும், மாமா?" என்று கேட்டான். உன் உம்மாவைக் கேள் என்றோம்.